612ஆம் இலக்கத்தை ஏலத்தில் விடுங்கள்

கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் எங்கள் வன்னிப் பாடசாலைகளின் பெயரால் பழைய மாணவர் சங்கம் நடத்தும் தம்பிமாருக்கும் தங்கைச்சிமாருக்கும்,

வணக்கம். துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். உங்களில் சிலருக்குத் தமிழ் படிப்பித்திருக்கிறேன். பலருக்கு என்னைத் தெரியாது. ஓய்வு பெறும்வரை பாடசாலை நூலகமும் என் பொறுப்பில்தான் இருந்தது.

போன மாதம் உங்கள் சங்கங்களில் ஒன்றிடம் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வருடாந்த இராப்போசனத்தில் இந்த முறை ஏலமும் வைக்கப் போகிறீர்களாம். சேரும் காசு பாடசாலை நூலகத்துக்காம். அதற்கு வன்னியின் பழைய பொருட்கள் வேண்டுமாம்: பழைய புத்தகம், ஏட்டுச் சுவடி, பொருளாதாரத் தடைக் காலத்து விளையாட்டுச் சாமான், பிள்ளைகள் கீறிய படம், பாடசாலை வென்ற கிண்ணம். "எதுவாக இருந்தாலும் பரவாயில்லை சேர், பழசாக இருந்தால் சரி" என்று எழுதி, கீழே கைகூப்பும் பொம்மை மூன்று.

பதிலைத் தனியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே மாதிரிச் செய்தி மல்லாவியில் ஒரு ஆசிரியைக்கும் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கோயில் தலைவருக்கும் வேறு சங்கங்களிடம் இருந்து போயிருக்கிறது. அதனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எழுதுகிறேன். குறை நினைக்க வேண்டாம்.

ஏலத்துக்கு நான் எதிரி இல்லை. எங்கள் பக்கத்தில் ஏலம் தெரியாதவர் யார்? முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் ஏறினால் மீன் ஏலத்தில் போகிறது. கோயில் திருவிழாவில் படையலில் வைத்த மாம்பழத்தை ஐயர் எடுத்துக் கொடுக்க, ஒலிவாங்கி பிடித்தவர் "ஒருதரம்... இரண்டுதரம்..." என்று இழுக்கிற இழுவை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சந்தையில் அந்த மாம்பழத்தைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். கோயிலில் அது ஆயிரக்கணக்கில் போகும். கேட்டு நிற்கிற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மச்சான்மாராக இருந்தால் இன்னும் மேலே போகும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு விதையை வளவில் நடுவார். அவருக்கு விசர் இல்லை. அம்மனுக்கு முன்னால் இருந்த பழம் இதுதான் என்று முழு ஊரும் கண்ணால் கண்டது. அந்தச் சாட்சிக்குத்தான் அவர் காசு கொடுத்தார்.

வெள்ளைக்காரரின் பெரிய ஏலங்களும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோல், காலால் ஒரு கோல் அடித்தபோது போட்டிருந்த சட்டை, 2022 மே மாதம் லண்டனில் சொதபி ஏலத்தில் 71 இலட்சம் பவுணுக்கு மேல் போனது. விற்றவர் ஸ்டீவ் ஹொட்ஜ், இங்கிலாந்து அணிக்காரர். அவர் தவறாக உதைத்து மேலே கிளப்பிய பந்துதான் மரடோனாவின் கைக்கு வந்தது! ஆட்டம் முடிந்து உள்ளே போகும் வழியில் இரண்டு பேரும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். பிறகு அது பல வருடம் மான்செஸ்டரில் உதைபந்தாட்ட அருங்காட்சியகத்தில் இருந்தது. ஏலம் அறிவித்ததும் மரடோனாவின் வீட்டார் மறுத்தார்கள். ஹொட்ஜிடம் இருப்பது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்தது இரண்டாவது பாதியில் என்றார்கள். ஏலக்காரர் என்ன செய்தார் என்றால், அன்றைய படங்களை எடுத்து, சட்டையில் கோடுகள் எங்கே எப்படிச் சந்திக்கின்றன, இலக்கத்திலும் சின்னத்திலும் என்னென்ன சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கிறது என்று பொருத்திப் பார்க்க வைத்தார். பொருந்தியது. முதல் பாதிச் சட்டைக்கும் இரண்டாம் பாதிச் சட்டைக்கும் துணியில் ஒரு வித்தியாசமும் இல்லை. இடையில் இருந்தது ஒரு சின்ன இடைவேளை. அதற்குத்தான் இவ்வளவு சண்டை.

நல்ல காரியத்துக்கு ஏலம் விடுவதையும் நான் தள்ளவில்லை. அவுஸ்திரேலியாவில் காடு பற்றி எரிந்தபோது ஷேன் வோர்ன் தன் டெஸ்ட் தொப்பியை ஏலத்தில் விட்டார். 2020 ஜனவரியில் அது 10 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டியது. உங்களைப் போலவே லண்டனில் ஒரு இராப்போசனத்தில், 2011 ஜூலையில், உலகக்கிண்ண இறுதியில் டோனி சிக்ஸர் அடித்து முடித்த மட்டை ஒரு இலட்சம் பவுணுக்குப் போனது. இலங்கையைத் தோற்கடித்த மட்டைதான். அந்தச் சிக்ஸரை இங்கே எந்தெந்த வீட்டில் எப்படிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

நான் சொல்ல வருவது தலைப்பில் போட்ட 612 பற்றி. அது எங்கள் நூலக இடாப்பில், அதாவது பதிவேட்டில், ஒரு புத்தகத்தின் இலக்கம்.

2008 நடுப்பகுதியில் போரால் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது பாடசாலையின் கதிரை மேசைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். அதிபர் முக்கியமான இடாப்புகளைப் பொலித்தீனில் சுற்றச் சொன்னார். பிள்ளைகளின் சேர்வு இடாப்பு இல்லாவிட்டால் நாளைக்குப் பிறந்த திகதிக்கும் படித்ததற்கும் சான்று இல்லை. நான் அலுமாரியில் இருந்து தடித்த சிவப்பு மட்டை இடாப்பு ஒன்றைத் தூக்கிச் சுற்றிக் கட்டினேன். கிளிநொச்சியில் அவிழ்த்துப் பார்த்தால் அது நூலக இடாப்பு. சேர்வு இடாப்பை அதிபர் ஏற்கனவே தன் பைக்குள் வைத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. புத்தகங்களை விட்டுவிட்டுப் புத்தகங்களின் பெயர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! எறிந்துவிடு என்று மனைவி இரண்டு இடத்தில் சொன்னா. தருமபுரத்தில் ஒருமுறை, பிறகு ஒருமுறை. எறியவில்லை. ஏன் என்று கேட்டால் இப்போதும் ஒழுங்கான பதில் இல்லை. பங்கருக்குள் தலைக்கு வைக்க அளவாக இருந்தது என்று சொல்லலாம். செட்டிக்குளம் முகாமுக்கும் வந்தது. 2009 கடைசியில் திரும்பி வந்தபோது நூலக அறைக்குக் கூரை இல்லை. இறாக்கைகள் இருந்த இடத்தில் கறையான் புற்று. இடாப்பில் 1,437 பதிவுகள் இருந்தன. அறையில் ஒரு புத்தகமும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பழைய மாணவன் ஒரு படம் அனுப்பினான். இணைய ஏலம் ஒன்றில் வந்த புத்தகத்தின் தலைப்புப் பக்கம். "சேர், இது எங்கட பள்ளிக்கூட சீல்தானே?" என்று கேட்டிருந்தான். ஊதா மையில் வட்ட முத்திரை. அதன் நடுவில் நான் பொறுப்பெடுப்பதற்கு முன் இருந்த ஆசிரியரின் சாய்ந்த கையெழுத்தில் 612.

இடாப்பை எடுத்துப் பார்த்தேன். 612: ஜே. பி. லூயிஸ் எழுதிய, வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கிலக் கைநூல். கொழும்பு, 1895. அன்பளிப்பு, ஓய்வு பெற்ற விதானையார் ஒருவர், 1974. லூயிஸ் இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். எங்கள் குளங்களையும் கிராமங்களையும் சனங்களையும் பற்றி ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதியது. அதில் எரிச்சல் தரும் இடங்களும் உண்டு. ஆனால் 1895 இல் இந்தக் காட்டுக்குள் எந்தக் குளம் உடைந்து கிடந்தது, எந்தக் குளத்தின் கீழ் வயல் இருந்தது என்று அறிய அதைத்தான் புரட்ட வேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அதில் இருந்து எங்கள் ஊர் வருகிற பக்கத்தை மொழிபெயர்த்து வாசித்திருக்கிறேன். பெரிய சிரிப்பாக இருக்கும், ஊர்ப் பெயரை அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்து.

ஏலக்காரரின் விவரத்தில் இரண்டு விஷயம் எழுதியிருந்தது. ஒன்று, "தனியார் சேகரிப்பு ஒன்றிலிருந்து". மற்றது குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ்: "நூலக முத்திரை உண்டு, மற்றபடி நல்ல நிலை."

அந்த வரியை நான் பல தரம் வாசித்தேன். பழைய புத்தக வியாபாரத்தில் இது வழமையான பேச்சு என்று பிறகு அறிந்தேன். நூலகத்தில் இருந்து வந்த பிரதி என்றால் விலை இறங்கும். ஹரி பொட்டரின் முதல் புத்தகம் 1997 இல் கெட்டி அட்டையோடு 500 பிரதிதான் அச்சானது, அதில் 300 நூலகங்களுக்குப் போனது என்று சொல்வார்கள். முத்திரை இல்லாத பிரதி ஒன்று 2021 இல் 4 இலட்சத்து 71 ஆயிரம் அமெரிக்க டொலருக்குப் போயிருக்கிறது. பிள்ளைகள் எடுத்துப் புரட்டிய பிரதிகளுக்கு அந்த விலை கிடைக்காது. சரி, அது அவர்களின் சந்தை. ஆனால் எங்கள் புத்தகத்தின் உடம்பில் அது எங்களுடையது என்று சொல்ல இருந்த ஒரே அடையாளம் அந்த முத்திரை. அதைத்தான் குறைபாடு என்று போட்டிருந்தார்கள்.

அந்த மாணவன் மூலமாக எழுதிக் கேட்டோம். விற்றுப் போய்விட்டது, வாங்கியவரின் பெயர் தர முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. விலையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் படலையில் வந்து நின்று பழைய புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஏற்கனவே கேட்கிறார்கள்.

யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. எடுக்காமல் விட்டிருந்தால் கறையானுக்குப் போயிருக்கும். அதையும் நினைக்கிறேன். யாரோ ஒருவர் அந்த இடிபாட்டுக்குள் குனிந்து அதைத் தூக்கித் தூசி தட்டியிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கோபம் "தனியார் சேகரிப்பு" என்ற அந்த இரண்டு சொல்லில்தான். விதானையாரும் நாங்களும் 1974 இல் இருந்து அதைத் தொட்ட பிள்ளைகளும் அதில் இல்லாமல் போனோம். மரடோனாவின் சட்டைக்கு ஒரு இடைவேளையைத் தேடிப் பிடிக்கிறார்கள். எங்கள் புத்தகத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் கழுவித் துடைத்தாயிற்று.

இடாப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சீகன்பால்க் மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715 இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று, 2005 இல் தஞ்சாவூர் சரசுவதி மகாலில் இருந்து காணாமல் போனது. 2022 இல் தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பொலிஸார் அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே இருந்தது என்று எழுத்தில் இருந்ததால்தான் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்தது. 97,000 நூல்கள் என்று எண்ணிக்கையை நாங்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதில் பத்துத் தலைப்பைச் சொல்லச் சொன்னால்?

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

ஏட்டுச் சுவடியும் பழைய புத்தகமும் அனுப்ப மாட்டோம். எங்கள் மனம் ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டப்படி அப்படியான பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. ஐம்பது வருடம் தாண்டிய பழைய புத்தகத்துக்கும் சுங்கத்தில் கேள்வி வரும். லீவுக்கு வந்து போகிற பிள்ளையின் சூட்கேசில் மிளகாய்த்தூளுக்குக் கீழே வைத்து அனுப்பச் சொன்ன தம்பிக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: கட்டுநாயக்காவில் மாட்டப் போவது அந்தப் பிள்ளை. ஏட்டை வைத்திருக்கும் வீடுகளுக்கு உதவ விரும்பினால், நூலகம் நிறுவனம் போல 2005 இல் இருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வருபவர்களிடம் காட்டி ஸ்கான் செய்விக்க ஆகும் செலவைக் கொடுங்கள். ஏடு அந்த வீட்டின் சாமி அறையிலேயே இருக்கட்டும்.

இயக்கக் காலப் பொருட்கள் இருக்கின்றனவா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதப் போவதில்லை. ஏன் என்று அவருக்கே தெரியும்.

விளையாட்டுச் சாமான். இது கொஞ்சம் நெஞ்சில் தைக்கிற விஷயம். தொண்ணூறுகளில் தடை இருந்தபோது பற்றரி வராது, பொம்மைக் கார் கனவிலும் வராது. மீன்ரின்னை வெட்டி நிமிர்த்தி லொறி செய்வார்கள். தேய்ந்த பாட்டாச் செருப்பை வட்டமாக வெட்டினால் சில்லு. சைக்கிள் கம்பி அச்சு. சோடா மூடி இரண்டு முன் லைற். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு லொறி இன்னும் ஒரு வீட்டில் இருக்கிறது. செய்த பெடியன் இல்லை. தாய் அதை அரிசிப் பானைக்கு மேலே தட்டில் வைத்திருக்கிறா. யாரோ அதைப் படம் எடுத்துப் போட்டதில் இருந்து, என்ன விலை என்று வெளிநாட்டில் இருந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பொம்மைச் சந்தையின் வழக்கம் எனக்கு விளங்கவே இல்லை. ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் கென்னர் என்ற கொம்பனி முதுகில் இருந்து ரொக்கெற் பாய்கிற ஒன்றைச் செய்து பார்த்தது. பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் என்று பயந்து அதைக் கடைக்கு விடவில்லை. ஒரு பிள்ளையும் கையில் எடுக்காத அந்த மாதிரிப் பொம்மை ஒன்று 2024 இல் 5 இலட்சத்து 25 ஆயிரம் அமெரிக்க டொலருக்குப் போனது. பெட்டி பிரிக்காத பொம்மைக்குத்தான் அங்கே மதிப்பு. இந்த லொறியின் சில்லு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, அவன் எப்போதும் இடப்பக்கம் திருப்பியே ஓடினான் என்று தாய் சொல்கிறா. தயவுசெய்து அந்த வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். புது லொறி வேண்டுமென்றால் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நாற்பது வயசு தாண்டிய எந்த ஆம்பிளைக்கும் செய்யத் தெரியும். செய்தவரின் பெயரை அடியில் ஆணியால் கீறி, செய்கிறபோது எடுத்த படத்தோடு அனுப்புகிறோம். அதை ஏலத்தில் விடலாம்.

பிள்ளைகளின் ஓவியத்துக்கும் அதே முறை. பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால் அனுப்புவோம். ஆனால் வருகிற காசில் ஒரு பங்கு அந்தப் பிள்ளையின் வங்கிப் புத்தகத்துக்குப் போக வேண்டும். பிரித்தானியாவில் 2006 இல் இருந்து, ஓவியம் வியாபாரிகள் கையில் மறுபடி விலைப்படும்போதுகூட ஓவியருக்கு 4 வீதம் வரை போகச் சட்டம் இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு முதல் விற்பனையிலேயே ஒன்றும் இல்லை என்பது நியாயமா?

கிண்ணம் தர மாட்டோம். இருப்பது இரண்டு. அதில் ஒன்றுக்குக் காது உடைந்திருக்கிறது.

முரளி கையெழுத்துப் போட்ட மட்டை உங்களிடம் ஏற்கனவே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்லது. எங்கே, எப்போது, யாருக்கு முன்னால் போட்டது என்ற படம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் தொண்ணூறுகளின் கடைசியில் எஃப்பிஐ கள்ளக் கையெழுத்து வியாபாரிகளைப் பிடித்தபோது, அன்னை தெரேசா கையெழுத்துப் போட்ட பேஸ்போல் பந்தும் அகப்பட்டதாம். அந்த அம்மா எதற்குப் பந்தில் கையெழுத்துப் போடப் போகிறா? வாங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். பாடசாலையின் பெயரில் விற்கிறீர்கள், கவனம்.

சரி, அப்படியென்றால் வன்னியில் இருந்து உங்களுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இடாப்பு இருக்கிறது. அதன் வரிகளை ஏலத்தில் விடுங்கள்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு பதிவும் ஒரு பொருள். விருந்து மண்டபத்தில் அந்தப் பக்கத்தின் படத்தைத் திரையில் காட்டுங்கள்: இலக்கம், தலைப்பு, யார் கொடுத்தது, எந்த வருடம். கேட்கிறவர்கள் கேட்கட்டும். எடுப்பவர் தருகிற காசில் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, அதே இலக்கத்தோடு எங்கள் நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். மிச்சக் காசு இறாக்கைக்கும் கண்ணாடி அலுமாரிக்கும். எடுத்தவரின் பெயரை இடாப்பில் பழைய அன்பளிப்பாளரின் பெயருக்குக் கீழே எழுதுவேன். 1,437 இல் பாதிக்கு மேல் சாதாரணப் புத்தகம்தான். நாவல், நாடகம், கணித வழிகாட்டி, அம்புலிமாமாக் கட்டுகள். சில இன்றைக்கும் யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் கிடைக்கும். ஆனால் மண்டபத்தில் இருக்கும் ஒருவருக்கு 208ஆம் இலக்கம் தான் ஏழாம் வகுப்பில் திருப்பிக் கொடுக்காமல் தண்டம் கட்டிய புத்தகம் என்று ஞாபகம் வரலாம். அவர் எவ்வளவு கேட்பார் என்று பார்ப்போம். யார் யார் இரவல் வாங்கினார்கள் என்ற கொப்பி அழிந்துபோனது. இல்லாவிட்டால் இப்போதே பெயர் சொல்லியிருப்பேன்.

612க்கு மறுபதிப்பு வந்திருக்கிறது. பிள்ளைகள் வாசிக்க அது தாராளமாகப் போதும். எங்கள் முத்திரை குத்திய அந்தப் பிரதியை வாங்கிய ஐயா அல்லது அம்மா இந்த மடலை எந்த வழியாலாவது காண நேர்ந்தால், திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. காசு கொடுத்துத்தானே வாங்கினீர்கள். உங்கள் குறிப்பேட்டில் "தனியார் சேகரிப்பு" என்று இருந்தால் அதை வெட்டி எங்கள் பாடசாலையின் பெயரை எழுதிவிடுங்கள். பெயர் முத்திரையிலேயே இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அங்கே இருக்கும் எந்த ஈழத்துப் பிள்ளையிடமும் காட்டலாம்.

இடாப்பின் முதல் நாற்பது பக்கங்களைக் கிளிநொச்சியில் நிழற்பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் மழைத் தண்ணி பட்டு நாலு வரி அழிந்திருக்கிறது. அந்த நாலையும் ஏலத்தில் சேர்க்க வேண்டாம், என்ன புத்தகம் என்று பழைய ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூலம் என்னிடமே இருக்கும். படமாக வேண்டும் என்றால் யாராவது ஒரு பிள்ளையைப் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆரம்ப விலையை நீங்களே போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய நூலகப் பொறுப்பாசிரியர்,
துணுக்காய்